வில்லங்கம் பார்த்து மாற்றிய கணக்கு

தக்கலையில் சார்பதிவாளர் அலுவலகத்தை ஒட்டிய ஓர் ஓட்டுக் கட்டடத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பத்திரம் எழுதிய என் பெரியப்பா, எந்தச் சொத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும் முதலில் கேட்பது அது யார் பேரில் இருக்கிறது என்பதைத்தான். பரப்பு, விலை, நடைபாதை, கிணற்றுப் பங்கு ஆகியவையெல்லாம் அவருக்கு அதற்குப் பிந்தைய கேள்விகள். ஆனால் அவருடைய மேசை மேல் மூன்று ஆண்டுகளாக இருந்துவரும் மடிக்கணினி யார் பேரில் இருக்கிறது என்று அவரும் கேட்டதில்லை. கணினி என்றால் வீட்டார் கூப்பிடுகிற ஆளாகிய நானும் கேட்டதில்லை. கடந்த ஐப்பசி மழையில் அந்தக் கேள்வி தானாக வந்து சேர்ந்தது.

அன்று அவர் கணினியைத் திறக்கும் பின் (PIN) எண்ணைத் தொடர்ந்து தவறாக இட்டிருக்கிறார். பல முறை தவறினால், உண்மையாகவே ஒருவர் முயல்கிறாரா, அல்லது விசைப்பலகை மேல் ஏதேனும் அழுந்திக் கிடக்கிறதா என்று அறிவதற்காக, ‘ஏ1பி2சி3’ என்று தட்டச்சிடும்படி விண்டோஸ் கேட்கும். அதைப் பார்த்துத் தம்முடைய பின் எண்ணே மாறிவிட்டது என்று புரிந்துகொண்ட பெரியப்பா, பின் மறந்துவிட்டது என்ற இணைப்பை அழுத்திவிட்டார். அடுத்து திரையில் தோன்றியது அவருடைய பெயர் அன்று; ஷார்ஜாவில் வேலை பார்க்கும் அவருடைய மகனின் மின்னஞ்சல் முகவரி. அதன் கடவுச்சொல் தெரியாததால் கைப்பேசிக்குக் குறியீடு அனுப்பும்படி அழுத்தினார். குறியீடு ஷார்ஜாவுக்குப் போனது. அண்ணன் வேலை செய்யும் இடத்தில், வேலை நேரத்தில் கைப்பேசியைக் கையில் வைத்திருக்க முடியாது. மதிய இடைவேளையில் அவர் செய்தியைப் பார்த்து இங்கே அழைத்துச் சொன்னபோது குறியீடு காலாவதியாகியிருந்தது. இப்படியே இரண்டு நாட்கள் கழிந்தன. மூன்றாம் நாள் காலையில் ஒரு தீர்வை ரசீதைத் தேடி எடுத்தபோது பெரியப்பாவுக்குப் பின் எண் நினைவுக்கு வந்துவிட்டது. அது அவருடைய தோப்பின் மறுசர்வே எண். (இதை எழுதுவதற்கு முன்பே அந்த எண்ணை மாற்றிவிட்டோம்.)

கணினி திறந்துவிட்டது. ஆனாலும் அன்று மாலையே என்னை வரச் சொன்னார்.

“மக்கா, இந்தப் பெட்டி யாரு பேர்ல கெடக்கு?” என்று கேட்டார்.

“அண்ணன் பேர்ல, பெரியப்பா.”

“அப்போ அனுபவம் எனக்கு, உரிமை அவனுக்கு. அப்படித்தானே?”

பல ஆண்டுகளாகப் பலருக்கு விளக்க முயன்று என்னால் முடியாமற்போன ஒன்றை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

விண்டோஸ் கணினியில் நுழைவதற்கு இரு வகைக் கணக்குகள் உண்டு. பெயரும் கடவுச்சொல்லும் அந்தக் கணினிக்குள்ளேயே பதிவாகி, அதற்குள்ளேயே சரிபார்க்கப்படுவது ஒரு வகை. கடைக்காரர்கள் லோக்கல் அக்கவுண்ட் என்று சொல்லும் இதை நான் உள்ளகக் கணக்கு என்று எழுதுகிறேன். ஒரு மின்னஞ்சல் முகவரியையோ கைப்பேசி எண்ணையோ அடையாளமாகக் கொண்டு, நிறுவனத்தின் வழங்கிகளில் (சர்வர்களில்) பதிவாகியிருக்கும் மைக்ரோசாஃப்ட் கணக்கு மற்றொரு வகை. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வரும்வரை வீட்டுக் கணினிகளில் நாம் அறிந்திருந்தது முதல் வகை மட்டுமே. விண்டோஸ் 8-உம், 2015-இல் வந்த விண்டோஸ் 10-உம் இரண்டாம் வகையை முன்னே நிறுத்தி, முதல் வகையைத் திரையின் ஓரத்தில் ஒரு சிறிய இணைப்பாக விட்டுவைத்தன. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் ஹோம் பதிப்போ, இணைய இணைப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இல்லாதவரை முதல் அமைப்பைத் தாண்ட விடுவதில்லை. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு என்று தேர்ந்தால் புரோ பதிப்பும் 2022 முதல் அதே வழிக்கு வந்துவிட்டது. கட்டளைச் சாளரத்தைத் திறந்து அந்தப் படியைத் தாண்டும் உபாயம் ஒன்று பழுதுபார்ப்பவர்களிடையே வழக்கில் இருந்தது. 2025-இல் வெளியான சோதனைப் பதிப்புகளிலிருந்து அதையும் நீக்கிவிட்டார்கள். ஆனால் ஒருமுறை உள்ளே போய்விட்டால், அங்கிருந்து உள்ளகக் கணக்குக்கு மாறிக்கொள்ளும் வழி செட்டிங்ஸில் இன்றும் இருக்கிறது. தெருவாசலை அடைத்துவிட்டு அடுக்களைக் கதவைத் திறந்து வைத்திருப்பது போன்ற ஏற்பாடு இது.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த ஏற்பாடு ஒரு தனிக் குழப்பத்தை உண்டாக்குகிறது. குளச்சல், கருங்கல், மார்த்தாண்டம், அருமனை என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனோ மருமகனோ ஒரு மாத விடுப்பில் வரும்போதுதான் பெற்றோருக்குக் கணினி வாங்கித் தருகிறார். திரும்பிப் போவதற்கு முந்தைய இரவு, சாப்பாட்டு மேசையில் வைத்து அதை இயக்குகிறார். திரை மின்னஞ்சல் முகவரி கேட்கிறது. அப்பாவுக்கு மின்னஞ்சல் கிடையாது. தம்முடையதை இட்டுவிட்டு விமானம் ஏறிவிடுகிறார். அப்படி யாரும் இல்லாத வீடுகளில் கணினி விற்ற கடையின் பையன் அப்போதைக்கு ஒரு முகவரியை உருவாக்கி இட்டுத் தருகிறான். பின் எண் என்ற நான்கு இலக்கம் மட்டும் வீட்டாரிடம் இருக்கிறது. பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது. கணக்கின் கடவுச்சொல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆகவே எல்லாம் சரியாக இருக்கும் நாட்களில், அந்தக் கணக்கு யாருடையது என்று எண்ணிப் பார்க்கும் தேவையே எழுவதில்லை.

பெரியப்பாவின் கணினியை அன்றே மாற்றிக் கொடுத்திருக்க முடியும். செட்டிங்ஸில் ஐந்து நிமிட வேலை. நான் மாற்றவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சித்தி மகளின் கணினியில் அந்த ஐந்து நிமிட வேலையை மட்டும் செய்ததன் விளைவை நான் மறக்கவில்லை. அவளுடைய கணினியிலும் கடையில் உருவாக்கிய ஏதோ ஒரு முகவரிதான் இருந்தது. அதை உள்ளகக் கணக்காக மாற்றி, அவள் பெயரையே பயனர் பெயராக இட்டு, “இனி அந்த மின்னஞ்சல் உனக்குத் தேவையில்லை” என்று பெருமையுடன் சொல்லிவிட்டு வந்தேன். எட்டு மாதங்கள் ஒரு குறையும் இல்லை. பிறகு கணினியின் தாய்ப்பலகை பழுதாகி அதை மாற்றிக் கொண்டுவந்தபோது, நீலத் திரை ஒன்று தோன்றி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. அந்த எண் இருந்த இடம், நான் தேவையில்லை என்று சொன்ன அதே கணக்கு. முகவரியின் முதல் சில எழுத்துகள்கூட யாருக்கும் நினைவில்லை. அவளுடைய முதுகலை ஆய்வேட்டுக்காகத் திரட்டிய தரவுகள் அனைத்தும் அந்த வட்டிலேயே அடைபட்டுப் போயின. இதில் கடையைக் குறை சொல்வதற்கு இடமில்லை. வில்லங்கம் பார்க்காமல் பத்திரத்தை மாற்றியவன் நான்.

அதனால் பெரியப்பாவிடம் வில்லங்கச் சான்று எடுப்பது போல முதலில் சிலவற்றைப் பார்க்க வேண்டும் என்றேன். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவர் என்னை அவசரப்படுத்தவே இல்லை.

முதலில் பார்த்தது வட்டின் குறியாக்கம், அதாவது உரியவர் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி வட்டிலுள்ளதைப் பூட்டிவைப்பது. அண்மைக் கால மடிக்கணினிகள் பலவற்றில், வட்டிலுள்ள அனைத்தையும் குறியாக்கம் செய்யும் வசதி தொடக்கத்திலிருந்தே ஆயத்தமாக இருக்கும். உள்ளகக் கணக்கு மட்டுமே இருக்கும்வரை அது பூட்டு இருந்தும் சாவி அதிலேயே தொங்கும் நிலைதான். நிர்வாக உரிமையுள்ள ஒருவர் மைக்ரோசாஃப்ட் கணக்கின் மூலம் நுழைந்தவுடன் மீட்பு எண் அந்தக் கணக்கில் ஏற்றப்பட்டு, பூட்டு உண்மையாகவே விழுகிறது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு இதற்கான வன்பொருள் நிபந்தனைகளைத் தளர்த்தியதால், இன்று புதிதாக வாங்கும் கணினிகளில் முன்னைவிட அதிகமானவை இந்த நிலையில் இருக்கின்றன. கணினி திருடுபோனால் இது பெரிய பாதுகாப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. பிறருடைய பத்திர நகல்களை வைத்திருக்கும் பெரியப்பாவைப் போன்றவருக்கு அது கட்டாயம் வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் கவனிக்க வேண்டியது, கணக்கை மாற்றினாலும் பூட்டு அப்படியே இருக்கும், மீட்பு எண்ணும் பழைய கணக்கிலேயே இருக்கும் என்பதுதான். பிறகு பழைய கணக்கை யாராவது மறந்தாலோ மூடினாலோ, அந்த எண்ணும் அதனுடன் போய்விடும்.

ஷார்ஜா நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. நம் நேரம் இரவு ஒன்பது மணிக்கு அண்ணன் அறைக்குத் திரும்பியதும் காணொளி அழைப்பில் வந்தார். அவருடைய கணக்கின் இணையப் பக்கத்தில் சாதனங்கள் என்ற பகுதியில் மீட்பு எண்கள் இரண்டு இருந்தன: ஒன்று அவருடைய சொந்தக் கணினிக்கு உரியது, மற்றொன்று இந்தக் கணினிக்கு உரியது. எது எதற்கு என்று கணினியின் பெயரை வைத்து ஊகிக்கக் கூடாது. ஒவ்வொரு மீட்பு எண்ணுடனும் ஓர் அடையாளக் குறி இருக்கும். நீலத் திரை எண்ணைக் கேட்கும்போது அந்தக் குறியையும் காட்டும். அதன் முதல் எட்டு எழுத்துகள் பொருந்துகின்றனவா என்று பார்த்தால் போதும். அண்ணன் எண்ணை ஆறு ஆறு இலக்கமாகப் பிரித்துப் படிக்க, பெரியப்பா எழுதினார். அந்தத் தாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது வில்லங்கம் கோப்புகள் இருக்கும் இடம். ஆவணங்கள், படங்கள், மேசைத்தளம் ஆகிய மூன்று கோப்புறைகளும் ஒன்டிரைவ் என்ற மைக்ரோசாஃப்டின் இணையவழிச் சேமிப்பாகிய மேகச் சேமிப்புக்குள் போய்விட்டனவா என்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. விண்டோஸ் 11-இல் முதல் அமைப்பின்போதே இந்தக் காப்புப்பிரதி இயங்கத் தொடங்கிவிடுவதுண்டு. பெரியப்பா மேசைத்தளத்தில் வைத்தது, தம்முடைய மேசையின் மேல் வைத்ததாகவே அவருடைய எண்ணம். உண்மையில் அது அண்ணனுடைய சேமிப்பில், அவர் கைப்பேசியிலிருந்து ஏறும் ஷார்ஜா கடற்கரைப் படங்களுக்குப் பக்கத்தில் கிடந்தது. இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி மட்டும். அது எப்போதோ நிறைந்துவிட்டதால், கடந்த சில மாதங்களில் எழுதிய வரைவுகள் மேகத்துக்குப் போகவும் இல்லை. ஊர்க்காரர்கள் பலருடைய பாகப்பிரிவினை வரைவுகளும் உயில் நகல்களும் தம் மகனின் சேமிப்பில் இருக்கின்றன என்பதைக் கேட்டபோது பெரியப்பாவின் முகம் மாறிவிட்டது. மகனை அவர் நம்பாமல் இல்லை. எழுதிக் கொடுத்தவர்கள் தம்மை நம்பித்தான் கொடுத்தார்கள் என்று மட்டும் சொன்னார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கோப்பின் பெயருக்கு அருகில் நீல நிற மேகக்குறி இருந்தால் அந்தக் கோப்பு கணினியில் இல்லை, பெயர் மட்டுமே இருக்கிறது என்று பொருள். பச்சை நிறச் சரிக்குறி இருந்தால் கோப்பு இங்கேயும் இருக்கிறது. அண்ணன் பழைய மேசைக் கணினியிலிருந்த வரைவுகளையெல்லாம் இணையம் வழியாக ஒன்டிரைவில் ஏற்றித்தான் இந்தக் கணினிக்குக் கொண்டுவந்திருந்தார். ஆகவே ஆண்டுக்கணக்கில் திறக்கப்படாத நூற்றுக்கணக்கான வரைவுகள் மேகக்குறியுடனேயே இருந்தன. அந்த நிலையில் கணினியை ஒன்டிரைவிலிருந்து பிரித்திருந்தால் அந்தப் பெயர்கள் மறைந்துபோயிருக்கும்; கோப்புகள் அண்ணனின் சேமிப்பில் மட்டும் எஞ்சியிருக்கும். எல்லாக் கோப்புறைகளையும் தேர்ந்து, எப்போதும் இந்தச் சாதனத்தில் வைத்திருக்கும்படி சொல்லும் தெரிவை அழுத்தி, அனைத்தும் பச்சையாகும்வரை காத்திருந்தோம். மழையில் இணையம் விட்டுவிட்டு வந்ததால் அதற்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று.

அந்த இடைவெளியில் பெரியப்பா பல கேள்விகள் கேட்டார். மகன் பேரில் கணக்கு இருந்தால், இணையம் இல்லாத நாளில் கணினி திறக்காது அல்லவா என்பது ஒன்று. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அது தவறு. ஒருமுறை நுழைந்த கணக்கின் சரிபார்ப்பு விவரத்தைக் கணினி தனக்குள் வைத்துக்கொள்ளும் என்பதால் இணையம் இல்லாமலும் நுழையலாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியதற்குப் பின், மின்கம்பங்கள் சாய்ந்து, கைப்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்து கிடந்த நாட்களில், பக்கத்து வீட்டு ஜெனரேட்டரில் மின்னேற்றிய என் மடிக்கணினி மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே குறையின்றித் திறந்தது. சிக்கல் வருவது வேறோர் இடத்தில்: கைப்பேசியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, இணையம் இல்லாத கணினியில் புதிய கடவுச்சொல்லை இட்டால் அது ஏற்காது, அதற்குத் தெரிந்தது பழைய கடவுச்சொல் மட்டுமே.

உன் கணினி யார் பேரில் இருக்கிறது என்பது அவருடைய அடுத்த கேள்வி. அதற்கு விடை சொல்ல எனக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது. 2016-இல் வாங்கிய என் மேசைக் கணினியை ஆண்டுக்கணக்கில் உள்ளகக் கணக்கில் வைத்திருந்தவன் நான்; அதைப் பலரிடம் சொல்லியும் காட்டியவன். அதன் பிராசசர் விண்டோஸ் 11-இன் நிபந்தனைகளுக்கு உட்படாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நீட்டித்துப் பெறலாம் என்றார்கள். கணினியின் அமைப்புகளை மேகத்துடன் ஒத்திசைத்தால் கட்டணமில்லை, அல்லது மைக்ரோசாஃப்டின் 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகள், அல்லது 30 டாலர் என்று மூன்று வழிகளும் வைத்தார்கள். மூன்றில் எதைத் தேர்ந்தாலும் முதலில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய வேண்டும். காசு கொடுக்கிறேன் என்பவரிடமும் கணக்கைக் கேட்பது எனக்கு உவப்பாக இல்லை. ஆனாலும் வங்கி வேலை செய்யும் கணினியைப் புதுப்பிப்பு இல்லாமல் வைத்திருப்பதைவிட இது மேல் என்று மாறிக்கொண்டேன். உள்ளகத்திலிருந்து மேகத்துக்குப் போகும் அந்தத் திசையில் அபாயம் குறைவு. பயனர் கோப்புறை பழைய பெயரிலேயே இருந்தது, கோப்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன. மூன்று கோப்புறைகளையும் ஒன்டிரைவில் காப்பிடலாமா என்று கேட்டபோது மறுத்துவிட்டேன். “அப்போ நீயும் ஒத்திக்குத்தான் இருக்க” என்று சொல்லிச் சிரித்தார்.

இதே நேரத்தில், உள்ளகக் கணக்கில் இருப்பவர்கள் தம்மை அறியாமல் மேகத்துக்கு மாறிவிடும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து ஒரு செயலியை நிறுவவோ, ஆபீஸ் மென்பொருளில் நுழையவோ மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் இட்ட பின், இந்தக் கணக்கைக் கணினி முழுவதற்கும் பயன்படுத்தலாமா என்று ஒரு திரை வரும். பெரிய பொத்தானை அழுத்தினால் கணினிக்குள் நுழையும் கணக்கே மாறிவிடும். அந்தச் செயலிக்கு மட்டும் என்ற தெரிவு கீழே சிறிய எழுத்தில் இருக்கும். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் மைத்துனரின் கடையில் இப்படித்தான் ஒரு நாள் கணக்கு மாறி, பக்கத்து மேசைக் கணினியிலிருந்து பகிர்ந்த கோப்புறையைத் திறக்க முடியாமல் போயிற்று. பகிர்ந்த கோப்புறைக்குப் பின் எண் செல்லாது, கணக்கின் கடவுச்சொல்லே வேண்டும். பகிர்வுக்கென்று ஓர் உள்ளகக் கணக்கை உருவாக்கிக் கொடுத்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

கோப்புகள் அனைத்தும் பச்சையான பின், ஒரு வெளி வட்டில் நகல் எடுத்தோம். பிறகு ஒன்டிரைவின் அமைப்புகளில் காப்புப்பிரதியை நிறுத்தி, கோப்புகளைக் கணினியின் வழக்கமான கோப்புறைகளுக்கு நகர்த்தி, எல்லாம் வந்துவிட்டனவா என்று எண்ணிப் பார்த்து, அதற்குப் பிறகே கணினியை ஒன்டிரைவிலிருந்து பிரித்தோம். வரிசை மாறக் கூடாது. பிரிப்பதற்கு முன் மேகத்தில் ஒரு கோப்பை அழித்தால் கணினியிலுள்ளதும் அழியும். பிரித்த பின் அண்ணன் தம் சேமிப்பில் எஞ்சியிருந்த பத்திர நகல்களை அழித்தார். அழித்தவை அங்குள்ள குப்பைத்தொட்டியில் 30 நாட்கள் கிடக்கும் என்பதால் அதையும் காலி செய்யச் சொன்னோம்.

மூன்றாவது வில்லங்கம், கடவுச்சொல் மறந்தால் யார் திறந்து விடுவது என்பது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கம் நின்று பேச வேண்டிய இடம் இதுதான். ஷார்ஜாவுக்குப் போனாலும் குறியீடு என்று ஒன்று வருகிறது. உள்ளகக் கணக்கில் அப்படி வருவதற்கு ஒருவரும் இல்லை. அதற்கு மாற்றாக மூன்று பாதுகாப்புக் கேள்விகளை வைத்திருக்கிறார்கள். புதிதாக உள்ளகக் கணக்கு தொடங்கும்போதே அவற்றைக் கேட்பார்கள். மாறிக்கொள்பவர்கள் பின்னர் உள்நுழைவுத் தெரிவுகளில் போய் அமைக்கலாம். அந்தக் கேள்விகளை எழுதியவர் எங்கள் ஊர்ப் பக்கம் வந்திருக்க மாட்டார். நீங்கள் பிறந்த ஊர், முதலில் படித்த பள்ளி, சிறு வயதுச் செல்லப் பெயர், மூத்த ஒன்றுவிட்ட சகோதரரின் பெயர் ஆகியவை இங்கே தெருவில் நிற்கும் எவருக்கும் தெரிந்தவை. செல்லப் பெயரைச் சொல்லாவிட்டால் சிலருக்குத் தபாலே போய்ச் சேராது. பெற்றோர் சந்தித்துக்கொண்ட ஊர் எது என்று ஒரு கேள்வி. பெரியப்பாவின் பெற்றோர் முதன்முதலில் ஒருவரையொருவர் பார்த்தது மணவறையில்.

ஆகவே பழைய வழி ஒன்றைத் தேர்ந்தோம். கன்ட்ரோல் பேனலில் பயனர் கணக்குகள் பகுதியில், கடவுச்சொல்லை மீட்டமைக்கும் வட்டு ஒன்றைப் பென் டிரைவில் உருவாக்கிக்கொள்ளும் வசதி இன்றும் இருக்கிறது. உள்ளகக் கணக்குக்கு மட்டுமே அது உதவும். ஒருமுறை உருவாக்கினால், இடையில் கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் செல்லும். வேறொரு நிர்வாகக் கணக்கிலிருந்து கடவுச்சொல்லை வலிந்து மாற்றினால் உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் போன்றவை பயனற்றுப் போக வாய்ப்புண்டு. இந்தப் பென் டிரைவ் வழியில் அந்தச் சேதம் இல்லை. ஆனால் அது யார் கையில் கிடைக்கிறதோ அவர் கணினியைத் திறந்துவிடலாம் என்பதால், வைக்கும் இடம் முக்கியம். மாற்றிய பின் செய்ய வேண்டிய வேலை இது என்று குறித்துவைத்தோம்.

இவ்வளவுக்கும் பிறகுதான் அந்த ஐந்து நிமிட வேலை. செட்டிங்ஸில் கணக்குகள், அதில் உங்கள் விவரம், அங்கே உள்ளகக் கணக்கின் மூலம் நுழையலாம் என்ற தெரிவு. கணினி ஒருமுறை பின் எண்ணைக் கேட்டது. பயனர் பெயர், கடவுச்சொல், அதற்கான குறிப்பு ஆகியவற்றை இட்டு, வெளியேறி, மீண்டும் நுழைந்தோம். நிறுவியிருந்த மென்பொருள்கள், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் கிடந்த பழைய வரைவுகள், அச்சுப்பொறி எல்லாம் இருந்தபடியே இருந்தன. உள்ளே கணினி அந்தப் பயனரை அடையாளம் காணும் எண் மாறுவதில்லை என்பதுதான் இதற்குக் காரணம்.

மாற வேண்டியவற்றில் ஒன்று மட்டும் மாறவில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் தொடங்கிய கணினியில், பயனர் கோப்புறைக்கு மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து எழுத்துகளையே பெயராக வைப்பார்கள். அண்ணன் பெயரின் ஐந்து எழுத்துகள் அப்படியே நின்றன. அதை வலிந்து மாற்றினால் மென்பொருள்கள் தம் பாதையைத் தொலைக்கும். முறையாக மாற்ற வேண்டுமானால் புதிய கணக்கைத் தொடங்கிக் கோப்புகளைக் கொண்டுபோக வேண்டும். செய்யட்டுமா என்று கேட்டேன். “கெடக்கட்டு மக்கா, தாய்ப்பத்திரத்துல அவன் பேரு இருக்கதுல என்ன குத்தம்?” என்றார்.

பென் டிரைவையும் உருவாக்கி முடித்தபோது இரவு பதினொன்றரை. அப்போதுதான் அவர் மேசையின் ஓரத்திலிருந்த அந்தத் தாளை எடுத்தார். வெள்ளைத் தாளில், பத்திரம் எழுதும் அதே நிறுத்திய கையெழுத்தில், ஆறு ஆறு இலக்கமாக எட்டு வரிகள். மேலே கணினியின் தயாரிப்பு எண்ணும், மீட்பு எண்ணின் அடையாளக் குறியும், தேதியும் இருந்தன. கடைசி வரிக்குக் கீழே ‘ஆக இலக்கங்கள் நாற்பத்தெட்டு மட்டும்’ என்று எழுதி, இடையில் எதையும் நுழைக்க முடியாதபடி ஒரு கோடு இழுத்திருந்தார். காணொளியில் இன்னும் விழித்திருந்த அண்ணனை மறுபடியும் முழுவதும் படிக்கச் சொல்லி ஒத்துப்பார்த்தார். பிறகு கீழே இடப்பக்கம் ‘சாட்சி’ என்று எழுதி, ஒன்று என்று எண்ணிட்டு, பேனாவை என் பக்கம் நீட்டினார். கையெழுத்திட்டேன். தாளை மடித்து, பென் டிரைவுடன் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டு, தோப்புப் பத்திரம் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.